மருத்துவர் எஸ்.ஐ. பத்மாவதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் 20 அவருடைய பிறந்த நாள், ஆகஸ்ட் 29 நினைவு நாள். இந்த இரண்டு தேதிகளையும் ஒட்டி அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகள், நர்சிங் மாணவிகள், இதய வால்வு நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் எனக் கேட்பவர்கள் பல வகை. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறோம். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், எந்தக் கேள்வியில் பதில் இருக்கிறதோ அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறோம்.

1. யாரு இந்தப் பத்மாவதி? ரெண்டே வரியில சொல்லுங்க.

1917 முதல் 2020 வரை வாழ்ந்த இதய மருத்துவர். பர்மாவில் பிறந்தார், ரங்கூனில் எம்.பி.பி.எஸ். முடித்தார், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மேற்படிப்பு படித்துவிட்டு 1953 முதல் தில்லியில் வேலை பார்த்தார். இந்தியாவில் இதயவியல் தனித் துறையாக வேர் பிடித்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1967இல் பத்ம பூஷண், 1992இல் பத்ம விபூஷண்.

விருதில் தொடங்கி விருதிலேயே முடியும் குறிப்புகள் எங்கே தேடினாலும் கிடைக்கும். நம் ஊர் நோயாளிகளுக்கு உண்மையில் என்ன இதய நோய் வருகிறது என்று அவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். அந்த வேலை பற்றித்தான் அவற்றில் ஒன்றும் இருக்காது. அது வேண்டுமென்றால் 9, 10 ஆகிய கேள்விகளுக்கு நேரே போய்விடலாம்.

2. எஸ்.ஐ. அப்படின்னா என்ன? பத்மாவதிங்கறது குடும்பப் பேரா?

எஸ்.ஐ. என்பது சிவராமகிருஷ்ண ஐயர். நம் வழக்கப்படி போட்ட இனிஷியல்தான். பத்மாவதி அவருடைய சொந்தப் பெயர். ஆங்கிலக் கட்டுரைகள் குடும்பப் பெயரைத் தேடிக் குழம்பி, எஸ். பத்மாவதி, சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி, பத்மாவதி எஸ்.ஐ. என்று விதவிதமாகப் போட்டிருக்கின்றன. எல்லாம் ஒரே ஆள்தான். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுகிறவர்கள் 'பத்மாவதி எஸ்' என்று தேடினால் போதும்.

3. பர்மாவில பிறந்தவங்க ஏன் இந்தியாவுக்கு வந்தாங்க?

போர்தான் காரணம். அப்பா பர்மாவில் மாக்வே என்ற ஊரில் வழக்கறிஞர். ரங்கூன் மருத்துவக் கல்லூரியில் பத்மாவதி படித்து முடித்த சமயத்தில் இரண்டாம் உலகப் போர் பர்மாவுக்குள் வந்துவிட்டது. 1942இல் ஜப்பான் படை நெருங்கியபோது வீட்டுப் பெண்கள் விமானத்தில் தப்பிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார்கள். ஆண்கள் பின்தங்க வேண்டியதாயிற்று. குடும்பம் மறுபடி ஒன்று சேரச் சில ஆண்டுகள் ஆயின.

4. இதய ஆபரேஷன் எத்தனை பண்ணியிருப்பாங்க?

ஒன்றுகூட இல்லை. அவர் அறுவை மருத்துவர் அல்ல. கத்தி எடுப்பவர் இதய அறுவை நிபுணர். நாடி, இரத்த அழுத்தம், ஸ்டெதஸ்கோப், இ.சி.ஜி., எக்ஸ்ரே, கதீட்டர் (இரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் விடும் மெல்லிய குழாய்) ஆகியவற்றைக் கொண்டு நோய் என்ன என்று கண்டுபிடித்து மருந்து கொடுப்பவர் இதயவியல் நிபுணர். யாருக்கு ஆபரேஷன் தேவை, எப்போது தேவை என்று முடிவு செய்வதும் அவர் வேலையே. பத்மாவதி இந்த இரண்டாவது வகை.

மேடைப் பேச்சுகளில் அதிகம் வரும் தவறு இதுதான். 'ஆயிரக்கணக்கான இதயங்களைத் திறந்தவர்' என்று எழுதி வைத்திருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

5. லண்டன்னு ஒருத்தர் சொல்றார், சுவீடன்னு இன்னொருத்தர் சொல்றார், அமெரிக்கான்னு வேற. எங்கதான் படிச்சாங்க?

மூன்று இடத்திலும்தான். 1949இல் லண்டன் போய் அங்குள்ள ராயல் மருத்துவர் கல்லூரியின் எஃப்.ஆர்.சி.பி. தகுதி பெற்றார், எடின்பரோ கல்லூரியின் எஃப்.ஆர்.சி.பி.யும் சேர்ந்தது. அங்கே நேஷனல் ஹார்ட் ஹாஸ்பிட்டல் உள்ளிட்ட மருத்துவமனைகளில் வேலை பார்த்தார். பிறகு சுவீடனில் 3 மாதம் இதயவியல் பயிற்சி. அங்கிருந்து அமெரிக்கா: பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹெலன் டாசிக்கிடமும், 1952இல் ஹார்வர்டில் பால் டட்லி ஒயிட்டிடமும் கற்றார்.

இந்த இரண்டு ஆசிரியர்களும் யார் என்று தெரிந்தால்தான் பத்மாவதியின் வேலை புரியும். பிறவியிலேயே உடல் நீலம் பாய்ந்து பிறக்கும் குழந்தைகளுக்கு வழி யோசித்தவர் டாசிக். நுரையீரலுக்குப் போதிய இரத்தம் போகாததே நீலத்துக்குக் காரணம் என்றால், கைக்குப் போகும் தமனியைத் திருப்பி நுரையீரல் தமனியில் இணைத்தால் என்ன என்று கேட்டவர். அந்த அறுவையை 1944 நவம்பர் 29 அன்று ஆல்ஃபிரட் பிளாலாக் செய்தார். அதற்கான தையல் முறையை நாய்களில் செய்து பார்த்துத் தேர்ந்தவர் விவியன் தாமஸ். டாசிக்குக் காது சரியாகக் கேட்காது. குழந்தையின் நெஞ்சில் விரலை வைத்து அதிர்வைத் தொட்டே இதய முரலொலியைப் படித்தவர் அவர்.

பால் டட்லி ஒயிட் இ.சி.ஜி.யில் கெட்டிக்காரர். ஒரு வகைத் துடிப்புக் கோளாறின் பெயரில் இன்றைக்கும் அவர் பெயர் ஒட்டியிருக்கிறது. 1955இல் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அழைக்கப்பட்டவரும் அவரே. நோய் வந்தபின் பார்ப்பதைவிட வராமல் தடுப்பது முக்கியம் என்று ஊர் ஊராகச் சொன்னவர். தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிப்பதை ஓர் ஆசிரியரிடமும், ஊரையே நோயாளியாகப் பார்ப்பதை இன்னோர் ஆசிரியரிடமும் பத்மாவதி எடுத்துக்கொண்டார் என்பது எங்கள் கணிப்பு.

6. இவ்வளவு படிச்சவங்க ஏன் பெண்கள் ஆஸ்பத்திரியில போய் சேர்ந்தாங்க?

1953இல் அவர் தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் அவரை அங்கே வரவழைத்தார். அது பெண்கள் படிக்கும் கல்லூரி, மருத்துவமனையில் அப்போது பெண்களும் குழந்தைகளும்தான் நோயாளிகள்.

அதை ஒரு குறையாக நினைத்துத்தான் பலர் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். இதய நோய் என்றாலே நடுத்தர வயது ஆணுக்கு வரும் மாரடைப்பு என்ற பேச்சு மேற்கே வலுத்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் எதிரில் வந்து உட்கார்ந்தவர்களோ 8 வயதுப் பிள்ளைகள், மூச்சிரைக்கும் கர்ப்பிணிகள், கால் வீங்கிய குடும்பத் தலைவிகள். அந்தப் பேச்சில் இடம்பெறாத நோயாளிகள் தினமும் வரிசையில் நின்றார்கள். அவருடைய முக்கியமான ஆய்வுகள் இந்த வரிசையிலிருந்துதான் தொடங்குகின்றன.

7. 1954லயே கேத் லேப் வச்சாங்களாமே? அப்பவே ஆஞ்சியோ, ஸ்டென்ட் எல்லாம் இருந்துச்சா?

கேத் லேப் இருந்தது உண்மை. வட இந்தியாவின் முதல் இதய மருத்துவப் பிரிவும் கதீட்டர் ஆய்வகமும் அவர் 1954இல் லேடி ஹார்டிங்கில் நிறுவியவை என்பதே பதிவு. ஆனால் அடைப்பை விரிக்கும் பலூனும், விரித்த இடத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்டென்டும் அப்போது கிடையாது. இதயத் தமனிக்குள் நேராகச் சாயம் செலுத்திப் படமெடுப்பது 1958இல்தான் வந்தது, பலூனால் அடைப்பை விரிப்பது 1977இல் வந்தது.

அப்படியானால் 1954இல் கதீட்டரை வைத்து என்ன செய்தார்கள்? அளந்தார்கள். முழங்கை மடிப்பில் உள்ள சிரையைத் திறந்து மெல்லிய நீளமான குழாயை உள்ளே விட்டு, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி வலது மேலறை, வலது கீழறை, நுரையீரல் தமனி என்று ஒவ்வொரு நிறுத்தமாக நகர்த்துவார்கள். ஒவ்வோர் இடத்திலும் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, கொஞ்சம் இரத்தம் எடுத்து அதில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சோதிப்பார்கள். வலது மேலறையில் 72 சதவீதம் இருந்த ஆக்சிஜன் கீழறையில் திடீரென்று 85 ஆகிறதென்றால், இடப்பக்கத்து நல்ல இரத்தம் கீழறைச் சுவரில் உள்ள ஓட்டை வழியாகக் கசிகிறது என்று அர்த்தம். ஸ்கேன் இல்லாத காலத்தில் ஓட்டை இருக்கும் இடத்தை இப்படித்தான் பிடித்தார்கள்.

8. அந்த அளவு தப்பாப் போக வாய்ப்பு உண்டா? (நர்சிங் மாணவி ஒருவர் கேட்டது)

நிறைய உண்டு. முதல் தவறு உயரத்தில் வரும். அழுத்தமானி நோயாளியின் நெஞ்சின் நடு மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். அது 10 செ.மீ. கீழே இறங்கியிருந்தால் அளவு சுமார் 7 மி.மீ. பாதரசம் கூடுதலாகக் காட்டும். இடது கீழறையின் 120இல் 7 கூடினால் யாருக்கும் தெரியாது. வலது மேலறையின் இயல்பான அழுத்தமே 2 முதல் 6 வரைதான். அங்கே 7 கூடினால், நல்ல இதயத்தையும் செயலிழந்த இதயம் என்று எழுதிவிடுவார்கள்.

இரண்டாவது, குழாய்க்குள் மாட்டிக்கொள்ளும் காற்றுக் குமிழி. அலையின் உச்சி மழுங்கி, உண்மையைவிடக் குறைவான அழுத்தம் காட்டும். உறைந்த இரத்தத் துணுக்கு அடைத்தாலும் இதே கதைதான், அதனால்தான் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த உப்புநீரை இடையிடையே செலுத்துவார்கள். மூன்றாவது ஆபத்தானது: குழாயின் நுனி கீழறைச் சுவரை உரசினால் துடிப்பு தாறுமாறாகும். அப்போது நுனியைச் சற்றுப் பின்னுக்கு இழுக்க வேண்டும், தள்ளக் கூடாது. துடிப்பு நேரான பிறகே அடுத்த அளவு.

9. ருமாட்டிக் இதய நோய் பத்தி இவங்க என்ன செஞ்சாங்க? அது மூட்டு வியாதிதானே?

மூட்டில் தொடங்கி இதயத்தில் குடியேறும் வியாதி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியின் ஒரு வகை தொண்டையில் தொற்றும். வலி சில நாளில் போய்விடும், 2, 3 வாரம் கழித்துக் காய்ச்சல் வரும். முழங்கால் வீங்கி, அது வடிந்ததும் கணுக்கால் வீங்கும். 5 முதல் 15 வயதுக்குள் வருவது அதிகம். கிருமியை எதிர்க்க உடல் தயாரித்த ஆயுதம் ஆளை மாற்றி இதய வால்வைத் தாக்குவதுதான் உள்ளே நடப்பது. மூட்டு தழும்பில்லாமல் ஆறிவிடும், வால்வு அப்படி ஆறுவதில்லை. திறந்த நிலையில் 4 முதல் 6 சதுர செ.மீ. இருக்க வேண்டிய மிட்ரல் வால்வின் (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ளது) வாய் ஆண்டுக்கணக்கில் தடித்துச் சுருங்கி 1.5க்குக் கீழே போகும்போது மூச்சிரைப்பு தொடங்குகிறது.

கர்ப்பத்தில் இது வெளிப்படுவது தற்செயல் அல்ல. கர்ப்ப காலத்தில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ 40, 50 சதவீதம் கூடுகிறது, துடிப்பும் வேகமாகிறது. சுருங்கிய வாசல் வழியாக அதிக இரத்தம், அதுவும் குறைந்த நேரத்தில் போயாக வேண்டும். அதுவரை வீட்டு வேலை, வயல் வேலை எல்லாம் பார்த்தவர் ஐந்தாறு மாதத்தில் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குவார். பிரசவத்துக்காக வந்த இடத்தில்தான் வால்வு நோய் இருப்பதே தெரியவரும். பெண்கள் மருத்துவமனையில் இருந்ததன் பலன் என்று 6இல் சொன்னது இதையும் சேர்த்துத்தான்.

வெப்ப நாடுகளில் ருமாட்டிக் காய்ச்சல் அரிது என்ற எண்ணம் மருத்துவ உலகில் நெடுநாள் இருந்தது. இந்தியாவில் அது அரிதல்ல என்று எண்ணிக்கையோடு சொன்னவர்களில் பத்மாவதி முக்கியமானவர். 1962இல் 'சர்க்குலேஷன்' ஆய்விதழில் இந்தியாவின் இதய நோய்ப் பரவல் குறித்து அவர் எழுதிய இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. முதல் கட்டுரை ருமாட்டிக் நோய், இரண்டாவதுதான் இதயத் தமனி அடைப்பு.

10. அடுப்புப் புகைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? அது நுரையீரல் பிரச்சினைதானே?

கேட்பதில் நியாயம் இருக்கிறது. புகை முதலில் கெடுப்பது மூச்சுக்குழாயைத்தான். விறகும் வரட்டியும் எரியும் சமையலறையில் பத்து, இருபது ஆண்டு உட்கார்ந்தவருக்கு நாள்பட்ட இருமலும் சளியும் வருகின்றன. காற்று சரியாகப் போகாத நுரையீரல் பகுதிகளில் ஆக்சிஜன் குறைகிறது, அங்கே உள்ள சிறு இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. பெரும்பகுதி அப்படிச் சுருங்கினால், இரத்தத்தை உள்ளே தள்ள வலது கீழறை மல்லுக்கட்ட வேண்டும். இடது கீழறையின் சுவர் சுமார் 1 செ.மீ. தடிமன், வலதுக்கு 3, 4 மி.மீ.தான். பாரம் இழுக்கச் செய்த சுவர் இல்லை அது. முதலில் தடிக்கும், பிறகு தளரும். கழுத்துச் சிரை புடைத்து, கல்லீரல் பெருத்து, கால் வீங்கும். மருத்துவர்கள் இதைக் கோர் பல்மனேல் என்பார்கள், நுரையீரலால் வந்த இதய நோய் என்று பொருள்.

மற்ற நாடுகளில் இது பெரும்பாலும் சிகரெட் பிடிக்கும் ஆண்களின் நோய். தில்லியில் 127 நோயாளிகளைப் பற்றிப் பத்மாவதி சக மருத்துவரோடு சேர்ந்து 1959இல் வெளியிட்ட ஆய்விலும், பின்னர் 1976இல் ஆண் பெண் வேறுபாட்டைப் பற்றி வெளியிட்ட ஆய்விலும் வேறு படம் தெரிந்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நோய் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. ஆனால் ஆண்களில் புகைபிடித்தவர்கள் 75 சதவீதம், பெண்களில் 10 சதவீதம்தான். போதாததற்குப் பெண்களுக்கு 10, 15 ஆண்டு முன்னதாகவே வந்தது. பீடியோ சிகரெட்டோ தொடாதவருக்கு ஏன் வருகிறது என்ற கேள்வி சமையலறையில் போய் முடிந்தது.

மருத்துவர்கள் இதைத் தவறவிட்டதற்குக் காரணம் ரொம்பச் சாதாரணம். நோயாளியின் சீட்டில் 'புகைப்பழக்கம்: இல்லை' என்று எழுதினால் அந்தக் கட்டம் நிரம்பிவிடும், அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். எந்த அடுப்பு, எத்தனை மணி நேரம், ஜன்னல் உண்டா, எத்தனை வயதிலிருந்து சமைக்கிறீர்கள் என்ற நான்கு கேள்விக்குச் சீட்டில் இடமே இருக்காது. வீங்கிய காலைச் சோகை என்றோ கிட்னி என்றோ நினைத்து அனுப்பிவிடுவதும் நடக்கும்.

11. இப்பதான் எல்லார் வீட்லயும் கேஸ் வந்துடுச்சே. அந்த ஆராய்ச்சிக்கு இனிமே என்ன வேலை?

சிலிண்டர் வந்த வீட்டிலும் வெந்நீருக்கும் மாட்டுத் தீவனம் வேகவைக்கவும் விறகுதான் என்றால் புகை போய்விட்டது என்று சொல்ல முடியாது. 20 ஆண்டு புகையில் கெட்ட நுரையீரல், அடுப்பை மாற்றிய மறுநாள் புதிதாகிவிடுவதும் இல்லை. மோசமாவது மட்டும் குறையும். அதனால் 10இல் சொன்ன நான்கு கேள்விகள் 50 வயது தாண்டிய பெண்களிடம் இன்றும் கேட்கப்பட வேண்டியவை.

தெற்கே இந்த நோய் வடக்கைவிடக் குறைவாகக் காணப்பட்டது. வெக்கை காரணமாக நாம் காற்றோட்டமாக வைத்துச் சமைப்பது அதற்கு விளக்கமாகச் சொல்லப்பட்டது. ஜன்னலும் ஒரு மருந்துதான்.

12. மாரடைப்பைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே?

9இல் சொன்ன இரண்டாவது கட்டுரை அதைப் பற்றியதே. 1967இல் அவர் மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியின் இயக்குநர் முதல்வரானார். இர்வின் (இன்று லோக் நாயக்), ஜி.பி. பந்த் மருத்துவமனைகள் அதோடு இணைந்தவை. அங்கே தீவிர இதயச் சிகிச்சைப் பிரிவையும், இதய நோயாளிக்கென்றே தனி ஊர்தியையும் கொண்டுவந்தார். நாட்டிலேயே முதல் என்று இவை குறிப்பிடப்படுகின்றன.

இந்தப் பிரிவு ஏன் தேவை என்றால், மாரடைப்பு வந்த முதல் சில மணி நேரத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் அடைப்பு நேரடியாக அல்ல, அதனால் கிளம்பும் தாறுமாறான துடிப்பு. கீழறை துடிக்காமல் வெறுமனே நடுங்கும். மின் அதிர்ச்சி கொடுத்தால் நேராகும். ஒவ்வொரு நிமிடத் தாமதமும் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கும். பொது வார்டில் இரவு 2 மணிக்கு அது நடந்தால் பக்கத்துக் கட்டில்காரர் பார்த்து, நர்ஸை எழுப்பி, டாக்டர் ஓடி வருவதற்குள் முடிந்துவிடும். அதனால் இந்த நோயாளிகளை ஒரே அறையில் போட்டு, மானிட்டரை மாட்டி, அதிர்ச்சிக் கருவியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, டாக்டருக்குக் காத்திராமல் நர்ஸே கொடுக்கும்படி பழக்குகிறார்கள். வேன் என்பது இதே அறையை வீட்டு வாசலுக்கு அனுப்புவது.

13. டி.எம். கார்டியாலஜி இவங்கதான் ஆரம்பிச்சாங்களா?

ஆமாம், அந்தப் படிப்பைக் கொண்டுவந்ததில் அவர் பெயர்தான் முன்னால் வரும். எம்.பி.பி.எஸ்., பிறகு எம்.டி., அதற்கு மேல் 3 ஆண்டு இதயத்துக்கென்றே படிப்பது டி.எம். அதற்கு முன்னால் இதயம் மட்டும் படிக்க விரும்பியவர் 5இல் உள்ள பாதையில் கப்பலேற வேண்டியிருந்தது.

14. நேஷனல் ஹார்ட் இன்ஸ்டிட்யூட் அரசு ஆஸ்பத்திரியா?

இல்லை. பெயரைப் பார்த்து வரும் குழப்பம். 1962இல் மருத்துவர்களும் தொழிலதிபர்களும் சேர்ந்து தொடங்கிய அகில இந்திய இதய அறக்கட்டளைக்குப் பத்மாவதி நிறுவனர். அந்த அறக்கட்டளை 1981இல் தில்லியில் ஏற்படுத்தியதே இந்த மருத்துவமனை. அரசுப் பணியிலிருந்து 1978இல் ஓய்வுபெற்ற பிறகு அவருடைய இரண்டாவது வாழ்க்கை அங்கேதான்.

15. 'இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவர்'னு தைரியமா எழுதலாமா?

'என்று அழைக்கப்படுபவர்' என்று சேர்த்து எழுதுங்கள். 1950களில் பொது மருத்துவம் பார்த்தபடியே இதய நோயாளிகளையும் கவனித்த பெண் மருத்துவர்கள் இருந்தார்கள். தனித் துறையாகப் பயின்று, தனிப் பிரிவு நடத்தியவர்களில் முதல் வரிசை பத்மாவதி. கேத் லேப் விஷயத்தில் 'வட இந்தியாவின் முதல்' என்பதை 'இந்தியாவின் முதல்' என்று சுருக்க வேண்டாம். 1966இல் புது தில்லியில் நடந்த 5ஆவது உலக இதயவியல் மாநாட்டின் பொதுச் செயலாளர் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் முதல் என்ற சொல் வராததாலோ என்னவோ அதை யாரும் எழுதுவதில்லை.

16. விமானப்படையில ஏர் மார்ஷலா இருந்தாங்களே, அவங்கதானே இவங்க?

அவர் வேறு. அவர் பத்மாவதி பந்தோபாத்யாய், 1944இல் திருப்பதியில் பிறந்தவர், விண்வெளி விமான மருத்துவத்தில் நிபுணர், இந்திய விமானப்படையின் முதல் பெண் ஏர் மார்ஷல். இருவருக்கும் ஒரு தொடர்பு மட்டும் உண்டு. அந்தச் சிறுமி தில்லி கோல் மார்க்கெட் பகுதியில் வளர்ந்தபோது எதிர்வீட்டில் இருந்தவர் நம் டாக்டர் பத்மாவதி. தன் பெயரையே கொண்ட ஒரு பெண் டாக்டர் எதிரில் இருந்தது, டாக்டராக வேண்டும் என்ற ஆசைக்குத் தூண்டுதலாக இருந்திருக்கிறது. படங்களைத் தேடும்போது கவனம்: சீருடையில் இருப்பவர் இவர் அல்ல.

17. 103 வயசு வரைக்கும் இருந்தாங்களே, என்ன சாப்பிட்டாங்க?

உணவுப் பட்டியல் எதையும் நம்பிப் பகிர வேண்டாம். அவர் 90 வயதைத் தாண்டியும் நீச்சலடித்தார், அந்த வயதிலும் மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளைப் பார்த்தார். இவை உறுதியானவை. நீந்தியதால் 103 வந்தது என்று ஓர் ஆளை வைத்து முடிவு சொல்ல முடியாது. 127 பேரை எண்ணிப் பார்த்த பிறகே வாயைத் திறந்தவர் அவர், இந்த முடிவை அவரே ஏற்க மாட்டார்.

18. கொரோனாவில்தான் இறந்தாங்களா?

ஆமாம். 2020 ஆகஸ்ட் 29, தில்லியில், தாம் நிறுவிய நேஷனல் ஹார்ட் இன்ஸ்டிட்யூட்டிலேயே. பிறந்தது 1917 ஜூன் 20. ஆக 103 வயதும் இரண்டு மாதமும்.

19. ஸ்கூல்ல 3 நிமிஷம் பேசணும். எதைச் சொல்ல, எதை விட?

3 நிமிடத்துக்குச் சுமார் 250 சொற்கள் தாங்கும். பிறப்பு, பர்மா, கோயம்புத்தூர் எல்லாம் சேர்த்து 40 சொல்லுக்குள் முடித்துவிடுங்கள். விருது ஒரே வரி. ஆண்டை மாற்றிவிடாதீர்கள், விபூஷண் 1992தான். மிச்சம் முழுவதையும் ஒரே ஒரு விஷயத்துக்குக் கொடுங்கள். எங்களைக் கேட்டால் 10ஆம் கேள்வியைத்தான் எடுக்கச் சொல்வோம். 75, 10 என்ற இரண்டு எண்களைச் சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்துங்கள். ஏன் என்று கேட்பவர்களே யோசிப்பார்கள். பிறகு அடுப்பைச் சொல்லுங்கள். 4, 15, 16இல் உள்ள மூன்று பிழைகள் வராமல் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

20. என் பொண்ணுக்கு 14 வயசு. ருமாட்டிக்னு சொல்லி 3 வாரத்துக்கு ஒரு தடவை பெனிடூர் ஊசி போடறோம். ரெண்டு வருஷமா மூட்டு வலியே இல்ல. நிறுத்திடலாமா?

நிறுத்த வேண்டாம். பெனிடூர் என்பது நீண்ட நாள் வேலை செய்யும் பெனிசிலின். ஊசி போடுவது மூட்டு வலிக்காக அல்ல, அடுத்த தொண்டைத் தொற்று வராமல் இருக்க. ஒவ்வொரு புதிய தாக்குதலும் வால்வில் இன்னொரு தழும்பைச் சேர்க்கும் (9ஐப் பாருங்கள்). வலி இல்லையே என்று பாதியில் விட்டுவிடுவதுதான் இந்தச் சிகிச்சை தோற்றுப்போவதற்கு முக்கியக் காரணம். பொதுவான கணக்கு இது: இதயம் பாதிக்கப்படவே இல்லை என்றால் கடைசித் தாக்குதலிலிருந்து 5 ஆண்டு அல்லது 21 வயது, எது பின்னால் வருகிறதோ அதுவரை. இதயம் பாதித்து வால்வு தழும்பில்லாமல் தேறியிருந்தால் 10 ஆண்டு அல்லது 21 வயது. வால்வில் குறை தங்கிவிட்டிருந்தால் 10 ஆண்டு அல்லது 40 வயது வரை, சிலருக்கு ஆயுள் முழுக்க. உங்கள் மகள் எந்த வகை என்பதை எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்து இதய மருத்துவர் சொல்வார்.

27 கிலோவுக்கு மேல் 12 லட்சம் யூனிட், அதற்குக் கீழ் 6 லட்சம் என்பது வழக்கமான அளவு. மருந்து தூளாக வரும், நீரில் கலந்தாலும் பால் போலக் கெட்டியாக நிற்கும். நன்றாகக் கலக்காமலோ மிக மெல்லிய ஊசியிலோ ஏற்றினால் பாதியில் அடைத்துக்கொள்ளும், மறுபடி குத்த வேண்டியிருக்கும். பிள்ளைகள் ஊசிக்குப் பயப்படத் தொடங்குவது பெரும்பாலும் அந்த இரண்டாவது குத்தில்தான். 21 அல்லது 23 எண் ஊசி, ஆழமாகத் தசையில், நிதானமாக, இரண்டு மூன்று நிமிடம் எடுத்தாலும் பரவாயில்லை. வெறும் வயிற்றோடு அழைத்துப் போகாதீர்கள், தண்ணீர் குடிக்க வையுங்கள், படுக்க வைத்துப் போடச் சொல்லுங்கள், போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். பெனிசிலின் ஒவ்வாமை உண்டென்றால் முதலிலேயே சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது. வால்வு கடுமையாகச் சுருங்கியிருந்தாலோ, மூச்சிரைப்பு இருந்தாலோ ஊசியா மாத்திரையா என்பதை இதய மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள். அடுத்த தேதியைக் காலண்டரில் இன்றைக்கே வட்டமிட்டுவிடுங்கள்.